அமுங்கிக்கொண்டே இருந்த களிமண்

கனி சாருக்கு டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகும் வாய்ப்பு ஒரே ஒரு தடவை வந்தது. அது கைநழுவிப் போனதற்கு, எடையை இறக்கி வைத்த ஒரு மனிதரும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியும் காரணம். தூங்கினவள் நான். அதனால் இதை நானே எழுதுவதுதான் முறை. வேறு யாராவது எழுதினால் போகிற போக்கில் என்னை நல்லவளாக்கிவிடுவார்கள்.

என் பெயர் கத்தரீனாள். ஏலப்பாறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா ஆலையில் கொழுந்தை வாட வைக்கும் மாடியில் வேலை பார்த்தார். மடத்துச் சிஸ்டர்மார் புண்ணியத்தில் டைப் படித்து, 1956-இல் மலையை விட்டு இறங்கி, பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் தாலுகாவில் மண் அணை கட்டிக்கொண்டிருந்த ஒரு சர்க்கார் ஆபீசுக்கு டைப்பிஸ்டாக வந்தேன். அணையின் பெயர் எதற்கு? அது இன்றைக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆபீஸ் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பகலில் அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். தை, மாசியில் கணவாய்க் காற்று வந்துவிட்டால் காகிதத்தைப் பிடிப்பதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியாது. குளிரிலேயே வளர்ந்த எனக்கு அந்த ஊர் முதல் நாளே பிடிக்கவில்லை. யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். 'டைப்பம்மா கடிச்சுப்போடும்' என்று வேலையாட்கள் சொல்வது என் காதுக்கும் வரும். வரட்டும் என்று இருந்தேன்.

பக்கத்தில் இருந்த சின்னக் கொட்டகையில்தான் மண் பரிசோதனை. அதற்கு லேப் அசிஸ்டென்ட் கனி சார். கொழிஞ்சாம்பாறையில் ஜவுளிக் கடை வைத்திருந்த ராவுத்தர் குடும்பம். அண்ணன் தம்பிகள் நான்கு பேரில் அவர் ஒருவர்தான் பாலக்காட்டுக் கல்லூரியில் பி.எஸ்.சி. பௌதிகம் படித்தவர். படித்து என்ன ஆயிற்று என்று கேட்டால், மண் சலிக்கிற வேலை ஆயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. காலையில் வரும்போதே சாயங்காலம் ஆகிவிட்டவரைப் போல வருவார். சட்டைக் கையை மடித்து, சாக்குப் பைகளை அவிழ்த்து, மண்ணைக் காயவைத்து, சலித்து, நனைத்து, எடை போட்டு, நோட்டில் எழுதி, சாயங்காலம் என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார். நான் மூன்று நகல் அடிப்பேன். அந்த மூன்றையும் யாரும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்து மண் கறுப்புக் களிமண். அணைக்குக் கொண்டுவருமுன் அதைப் பித்தளை வளையத்துக்குள் அடைத்து, தண்ணீரில் நிற்கவைத்து, மேலே எடை ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கவேண்டும். மேலே கடிகாரம் போல வட்டமான ஒரு கருவி இருக்கும். மண் மயிரிழை அமுங்கினாலும் அதன் முள் நகரும். ஒரு எடைக்கு ஒரு நாள் என்பது விதி. மறுநாள் அளவை எழுதிக்கொண்டு, மண்ணை வெளியே கொட்டிவிட்டு, அடுத்ததை அடைக்கவேண்டியதுதான்.

கனி சார் ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஒரு வளையம் ஆறு நாள் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் முள் நிற்கவில்லை. ஏதோ கொஞ்சம், தினம் கொஞ்சம், போய்க்கொண்டே இருந்தது. விதிப்படி அது முதல் நாளே அடங்கியிருக்கவேண்டும்.

"அது நிக்கவே இல்லம்மா. நாம பார்க்கிறத நிறுத்திட்டோம், அவ்வளவுதான்" என்றார் என்னிடம். அவராக வந்து என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தச் சமயத்தில் எஞ்சினியருக்கு வரும் பத்திரிகை ஒன்றைப் பிரித்து அடுக்குவது என் வேலை. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. வடக்கே ஒரு பொறியியல் கல்லூரியில், பொருள்களின் வழிதலையும் உருமாற்றத்தையும் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய இரண்டு இடங்கள். தார், களிமண், ரப்பர்ப் பால், பெயின்ட் என்று எதை எடுத்துக்கொண்டாலும் சரி. சர்க்காரே உதவிச் சம்பளம் தரும். அதை அவரிடம் காட்டினது நான்தான். அந்தப் புண்ணியமும் என் கணக்கில் இருக்கட்டும்.

கனி சார் அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"இப்படி ஒரு படிப்பே இருக்கா? தேன் எப்படி வழியுது, மாவு எப்படித் தொய்யுதுன்னு பார்க்கிறவனுக்கு ஒரு பேரே இருக்கா?" என்று கேட்டார். விண்ணப்பத்தை நான் டைப் அடித்துத் தருகிறேன் என்றேன்.

அந்தப் பேராசிரியருக்கு நீளமாக ஒரு கடிதம் போனது. சர்க்கார் ஆள் வெளியே எழுதும் எதுவும் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர் வழியாகத்தான் போகவேண்டும், பதிலும் அவர் வழியாகத்தான் வரவேண்டும். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. வெறும் பி.எஸ்.சி.க்கு இடம் தருவது வழக்கமில்லை. ஆனால் ஒரே களிமண்ணை ஒரே எடையின் கீழ் ஒரு வருஷம் அசைக்காமல் வைத்து, தினம் ஒரு அளவு எடுத்து, இடையே அறுபடாத ஒரு குறிப்பைக் கொண்டுவந்தால், அதை எம்.எஸ்.சி.க்குச் சமமாக எடுத்துக்கொள்ளும்படி கமிட்டியிடம் தாம் பேசுவதாக எழுதியிருந்தார். 1958 மார்ச்சில் கமிட்டி கூடும். வயது வரம்பு முப்பத்தைந்து. கனி சாருக்கு அந்த ஆனியோடு முப்பத்தைந்து முடிகிறது. இந்த ஒரு தடவை விட்டால் இன்னொன்று இல்லை என்பது எங்கள் இருவருக்குமே விளங்கிவிட்டது.

கேரளத்தில் முதல் தேர்தல் நடந்த வாரம், 1957 பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு எடையை ஏற்றினார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு நாள் முழுசாக வீட்டில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். காற்றில் கொட்டகை அதிராமல் இருக்க ஜன்னல்களில் சாக்கை நனைத்துக் கட்டினார். ஈரம் காயாமல் இருக்கத் தினம் தண்ணீர் பார்த்தார். நோன்புப் பெருநாளன்று தொழுகை முடிந்து, புதுச் சட்டையோடு, பத்து மணிக்கு முள்ளைப் பார்க்க வந்து நின்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அப்படித்தான். ஒருநாள் எதற்கோ அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி ருக்கியா சோறு போட்டுக்கொண்டே என்னிடம் முறையிட்டாள்.

"எனக்கு ஒரு சக்களத்தி வந்திருந்தாக்கூட இவ்வளவு போயிருக்க மாட்டாங்கம்மா. களிமண்ணும்மா! நேத்து ராத்திரி தூக்கத்துல முள்ளு, முள்ளுங்கிறாங்க. மீன் முள்ளு தொண்டையில சிக்கிருச்சாக்கும்னு எந்திரிச்சு சோத்துருண்டை உருட்டிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வடக்கே குளிராமே, பிள்ளைகளுக்குக் கம்பளி எங்கே வாங்குவது என்று அடுத்த வாயிலேயே கேட்டாள். போகத்தான் போகிறோம் என்று அவள் முடிவே கட்டிவிட்டிருந்தாள்.

இனி பிச்சைமணியைப் பற்றிச் சொல்லவேண்டும். பரிசோதனைக் கொட்டகைக்கு எடுபிடி, காவல் எல்லாம் அவர்தான். எருத்தேன்பதிக்காரர். ஐம்பது வயசு இருக்கும். மஸ்டர் ரோலில் தினக்கூலி. ஓவர்சியர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகவேண்டிய வேலை. வீட்டில் வாதத்தில் படுத்த பெண்டாட்டி. எழுத்து தெரியாது; முள் நிற்கும் கோடு மட்டும் தெரியும். கனி சார் தினம் பத்து மணிக்குக் குனியும்போது அவரும் பின்னால் நின்று குனிவார். அந்தக் கருவியின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. வேறு ஆட்கள் கொட்டகைக்குள் வந்தால், "தொடாதீங்க, தொடாதீங்க, சாரோட மிசின்" என்று துரத்துவார். கனி சாரும் தினம் போகும்போது, "பிச்சைமணி, தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

செப்டம்பர் முப்பதாம் தேதி மத்தியானம் தந்தி வந்தது. ருக்கியாவின் அத்தா உத்தமபாளையத்தில் மௌத்தாகிவிட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு மருமகன் போகாமல் முடியுமா? அன்று இருநூற்றுப் பதினேழாவது நாள். கனி சார் நோட்டை என் கையில் கொடுத்தார்.

"மூணு நாள் பத்து மணிக்கு நீ பார்த்து எழுதும்மா. இடையில சரஸ்வதி பூஜை வருது, ஆபீஸ் மூடிடுவாங்க. ஒரு நாள் அளவு விட்டுப்போனாலும் பரவாயில்ல. யாரும் தொடாம இருந்தாப் போதும்."

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்து எழுதினேன். அன்று சாயங்காலம் ஆபீசில் பூஜை வைத்தார்கள். எல்லை ஊர் அல்லவா, இரண்டு பக்கத்து வழக்கமும் உண்டு. மலையாளத்து வழக்கப்படி நோட்டுப் புத்தகங்களையெல்லாம் அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டால், தசமி காலையில் எடுக்கும்வரை ஒரு எழுத்து படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. தமிழ் வழக்கப்படி நவமியன்று கருவிகளையெல்லாம் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கவேண்டும். கனி சாரின் நோட்டும் அடுக்கில் போய்விட்டது.

"நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்க அம்மிணி. நோட்டு பூசையில இருக்குதுங்க. எப்படி எழுதுவீங்க?" என்றார் பிச்சைமணி.

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதலாம். உள்ளங்கையில் எழுதலாம். நான் வேதக்காரி, எனக்கு எந்தத் தடையும் இல்லை. அதெல்லாம் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து வெக்கையில் மனசு விட்டு ஒரு நாள் தூங்கவில்லை. ஒரு நாள் விட்டுப்போனாலும் பரவாயில்லை என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று சந்தோஷமாக வந்து படுத்துவிட்டேன். புதன்கிழமை பதினொன்றரை மணிக்குத்தான் எழுந்தேன். வியாழக்கிழமை தசமியன்று போய்ப் பார்த்தேன். கருவியின் கண்ணாடியில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. முள் செவ்வாய்க்கிழமை நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கனி சார் நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். மூன்று நாள் தாடி. முள்ளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு எடைகளைப் பார்த்தார். பித்தளை எடைகள் ஐந்தும் புதுக் குடம் மாதிரி மின்னின. ஒவ்வொன்றிலும் பொட்டு. நடு எடையின் அடியில் விரலைக் கொடுத்துத் தடவிப் பார்த்தார். விரலில் குங்குமம் வந்தது.

"பிச்சைமணி, இதெல்லாம் கீழே இறக்கினீங்களா?"

"எறக்குனனுங்க சார்" என்றார் பிச்சைமணி, முகமெல்லாம் பல்லாக. "பின்னே, சார் ஊர்ல இல்லைன்னு சாரோட மிசினை மட்டும் அழுக்கா உட்டுப்போட முடியுங்களா? தராசு, சல்லடை எல்லாம் பளபளன்னு இருக்கையில இது மட்டும் மூஞ்சி கழுவாத புள்ளையாட்டம் நின்னுச்சுங்க. தொடக்கூடாதுன்னு சார் சொன்னது நெனப்புல இருந்துச்சுங்க. அதனால வெடியால அஞ்சு மணிக்கே குளிச்சுப்போட்டு, ஈர வேட்டியோடதானுங்க தொட்டேன்."

தொடாதே என்றால் அந்த மனிதருக்கு அதுதான் அர்த்தம். அழுக்குக் கையோடு தொடாதே.

"எவ்வளவு நேரம் கீழே இருந்துச்சு?"

"எட்டு மணிக்கு எறக்குனதுங்க. புளி போட்டுத் தேச்சு, வெயில்ல காய வெச்சு, பூசை முடிஞ்சு மறுக்கா ஏத்தறப்ப பதினொண்ணு இருக்குமுங்க. பழைய தண்ணியைச் சாய்ச்சுப்போட்டு நல்ல கெணத்துத் தண்ணி ஊத்துனனுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு சொல்லோணுமுங்க சார். எடையை எடுத்ததும் முள்ளு பின்னாடி ஓட ஆரம்பிச்சுருச்சுங்க. எனக்குப் பயமாப் போச்சு. மறுக்கா ஏத்துனதும் கொஞ்சம் வந்துச்சு, ஆனாப் பழைய எடத்துக்கு வரலீங்க. அப்புறம் அந்தக் கண்ணாடி வளையத்தைத் திருப்பி, உங்க முள்ளை உங்க எடத்துலயே நிறுத்திப்போட்டனுங்க. ஒரு கோடு தப்பலை."

"அண்ணே, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீகன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். கனி சார் என் பக்கம் கையை நீட்டித் தடுத்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க பிச்சைமணி. போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்.

அவர் போனதும் கனி சார் மண் மூட்டை மேல் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அதுகூட வரவில்லை. "உத்தமபாளையத்துல மூணு நாள் உக்காரக்கூட எடமில்லம்மா. உடம்பெல்லாம் வலிக்குது" என்றார். விரலில் இருந்த குங்குமத்தைச் சாக்கில் துடைத்தார். பிறகு, "அவர்கிட்டச் சொல்லிடாத. பெண்டாட்டி படுக்கையில கெடக்கிற மனுசன். தெரிஞ்சா உருகிப் போயிடுவாரு" என்றார்.

அடுத்த வாரம் ருக்கியா என்னைத் தேடி நான் தங்கியிருந்த அறைக்கே வந்தாள். தந்தை போன துக்கம் முகத்தில் காயவில்லை. "முள்ளு இருந்த எடத்துலதானே நிக்குது? வடக்க இருக்கிற வாத்தியாருக்கு யாரும்மா போய்ச் சொல்லப் போறா? நடந்ததை எழுதாதீங்கன்னு அவங்ககிட்ட நீங்களாவது சொல்லுங்க" என்றாள். நானும் சொன்னேன். வெட்கமில்லாமல் சொன்னேன். விட்டுப்போன புதன்கிழமைக்கு ஒரு எண் போட்டுவிட்டால் கோடு வழவழவென்று போகும், யாருக்கும் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார் கனி சார். கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை தூரம் நடந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் நடக்கவேண்டும் என்பவரைப் போலச் சொன்னார்.

கடிதம் அடித்தேன். இருநூற்றுப் பத்தொன்பதாவது நாள் சுத்தம் செய்வதற்காக எடை மூன்று மணி நேரம் இறக்கப்பட்டது, கருவியின் வளையம் திருப்பப்பட்டது, ஆகவே குறிப்பு அறுந்துவிட்டது. யார் இறக்கியது என்று அதில் இல்லை. எஞ்சினியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

கனி சார் அதற்குப் பிறகும் தினம் பத்து மணிக்கு முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் கடைசியில் பதில் வந்தது. இந்தத் தடவை எஞ்சினியர் படித்துவிட்டார். ஓவர்சியர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பேராசிரியர் நேர்மையைப் பாராட்டி இரண்டு வரி எழுதிவிட்டு, அறுந்த குறிப்பைக் கமிட்டி ஏற்காது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேதான் விஷயமே இருந்தது. ஏழு மாதம் எடையின் கீழ் இருந்த களிமண், எடை நீங்கியதும் எப்படி மீள்கிறது என்பதற்கு இந்த மண்ணில் இதுவரை ஒரு குறிப்புக்கூடக் கிடையாதாம். அந்த மூன்று மணி நேரத்தில் யாராவது அளவு எடுத்திருந்தால், நேரத்தோடு ஐந்தாறு எண்கள் இருந்தாலே போதும், ஒரு வருஷக் குறிப்பைவிட அது பெரிது. அதை வைத்துத் தாமே கமிட்டியிடம் பேசி இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். எடையை இறக்கியவர் யார், அவர் அந்த அளவுகளுக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவாரா என்றும் கேட்டிருந்தார்.

"ஆராணு எறக்கியது? பேரு வேணும். கேட்காம சர்க்கார் மிஷின்ல கைவச்ச ஆளை இங்க வச்சிருக்க முடியாது" என்றார் ஓவர்சியர். சாயங்காலத்துக்குள் பதில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கனி சார் படித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு பிச்சைமணியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். வடக்கே உள்ள பெரிய வாத்தியார் உங்கள் பூஜையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார் என்றதும் பிச்சைமணிக்குத் தலைகால் புரியவில்லை.

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. கடைசி எடையை எடுத்ததும் முள்ளு எங்க வந்து நின்னுச்சு?"

"ஏழாவது கோட்டுலிங்க சார்."

"ஏழா? நல்லா நினைவிருக்கா? எட்டா இருக்குமோ?"

"எட்டுங்களா? ஆமாங்க சார், எட்டுதானுங்க."

கனி சாரின் பென்சில் நின்றது. "ஒருவேளை ஆறோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆறேதானுங்க சார்! இப்ப நல்லா நெனப்பு வந்துருச்சு." பிச்சைமணி கையைக் கூப்பாத குறையாக முன்னால் சாய்ந்தார். "சாருக்கு எது வேணுமோ சொல்லுங்க. அதுதானுங்க நான் பார்த்தது. எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணித் தர்றனுங்க."

அவ்வளவு பாசமாக ஒரு மனிதர் இன்னொருவர் தலையில் மண்ணை அள்ளிப் போடுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கனி சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சரி, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

நான் விடவில்லை. "சார், நான் அன்னைக்கு இங்கதான் இருந்தேன்னு எழுதுவோம். நோட்டு பூஜையில இருந்ததால துண்டுச் சீட்டுல எழுதி வச்சேன்னு சொல்லுதேன். கையெழுத்தும் போடுதேன். நம்பரை மட்டும் நீங்க சொல்லுங்க."

"அன்னைக்கு நீ எங்கம்மா இருந்தே?"

"தூங்கினேன் சார்."

"நல்லாத் தூங்கினியா?"

"ஆமா சார்."

"அப்படி ஒருத்தராவது தூங்கினாங்களே" என்றார். குத்திக்காட்டவில்லை. அவர் அப்படிப் பேசத் தெரிந்தவரே இல்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்கமாட்டேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு என் மேஜைக்கு வந்தார். நின்றுகொண்டே சொன்னார், நான் அடித்தேன். அன்புள்ள ஐயா, அந்த மூன்று மணி நேரத்தில் அளவு எதுவும் எடுக்கப்படவில்லை. அது வரை நேராகப் போனது. அடுத்த வரியைக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். எடையை இறக்கியவன் நானே. அளவெடுக்கக் கவனமில்லாமல் விட்டவனும் நானே.

என் விரல் நின்றுவிட்டது. "சார், இப்படி எழுதினா அந்த ஆளு உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாரே. ஏழு மாசம் பார்த்ததை இறக்கிவச்சுட்டு, முள்ளைக்கூடப் பார்க்காத மடையன்னுதானே நினைப்பாரு?"

"ஓவர்சியருக்கு ஒரு பேரு வேணும்மா. அன்னைக்கு நான் ஊர்ல இருந்தேனான்னு அவரு நாளை எண்ணிப் பார்க்கப் போறதில்ல. என் பேரைக் கொடுத்தா ஒரு மெமோவோட போயிரும். அவர் பேரைக் கொடுத்தா நாளைக்கு அவர் வீட்டுல அடுப்பு எரியாது. அடி."

அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஒரு கோடு முன்னே பின்னே எழுதச் சம்மதிக்காத மனிதர் எழுதிய பொய் அது ஒன்றுதான். வடக்கேயிருந்து அதற்குப் பதில் வரவில்லை. கவனக்குறைவு என்று ஆபீசிலிருந்து மெமோ மட்டும் வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். மூன்று நகல்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பிச்சைமணி என் மேஜைப் பக்கம் வந்து தயங்கி நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, சாருக்கு அந்தப் பெரிய படிப்பு கெடைக்கலீங்களாமா?"

"கிடைக்கலண்ணே."

"ஏனுங்க?"

அத்தனையும் என் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பக்கம் கொட்டகை வாசலில் கனி சார் மண் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வயசு தாண்டிப்போச்சாம்" என்றேன்.

"அட, அதுக்கென்னங்க" என்றார் பிச்சைமணி. "நம்ம பூசையிலதான் ஏதோ கொறை வெச்சுப்போட்டோம். வர்ற வருசம் அந்த எடை, வளையம், முள்ளு அத்தனையும் தனித்தனியாக் கழட்டி நானே கழுவி வெக்கறனுங்க. சாருக்கு ஒரு நல்லது நடக்காமப் போயிருமா? நீங்களும் கூட வந்து நில்லுங்க அம்மிணி."

"சரிண்ணே, வந்து நிக்கேன்" என்றேன்.